மாலை ஆறரை மணிக் கண்: ஒரு டோரிக் லென்ஸ் நிகழ்வு ஆய்வு

"காலைல நல்லாத்தான் மேடம் இருக்கு. மூணு மணிக்கு மேல கண்ணுல மண்ண வாரிப் போட்டாப்பல ஆவுது. கோடெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. கண்ண மூடித் தொறந்தா சரியாவுது, திரும்பவும் அப்படியே ஆவுது."

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்னிடம் கண் சோதிக்க வந்தவர் சொன்னது இது. வயது 26. வீடு காட்பாடிப் பக்கம், வேலை ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ தயாரிக்கும் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில். ஷூவின் மேல்பாகத்துக்கான பேட்டர்ன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தோலில் வெட்டி வந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் பொறுப்பு. எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. ஒன்றரை வருடமாக டோரிக் கான்டாக்ட் லென்ஸ், அதாவது சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கான லென்ஸ். அதை வேறொரு இடத்தில் வாங்கியிருந்தார்.

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் இன்னார் என்று தெரியவரக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், அளவுகளை மாற்றவில்லை.

லென்ஸ் ஏன் வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்பேன். அழகுக்காக என்றால் அதுவும் நியாயமான காரணம்தான். இவர் சொன்ன காரணம் வேறு. சிலிண்டர் பவர் அதிகமுள்ள கண்ணாடி ஒரு திசையில் மட்டும் உருவத்தைச் சற்றுச் சுருக்கிக் காட்டும். நேர்க்கோடு லேசாகச் சாய்ந்தாற்போல் தோன்றும், கண்ணாடியின் ஓரத்தில் வளைவு இன்னும் கூடும். பாடம் படிக்கவோ சமைக்கவோ இது பெரிய தடையில்லை. ஒரு மில்லிமீட்டர் தப்பினால் வலது ஷூவும் இடது ஷூவும் ஒத்துப்போகாத வேலையில் இருப்பவருக்கு அது பெரிய தொந்தரவு. லென்ஸ் கண்ணோடு ஒட்டியே இருப்பதால் இந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்துவிடும். "கண்ணாடியில கோடு பொய் சொல்லுது மேடம்" என்றார். லென்ஸை விட்டுவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லி அனுப்பக்கூடிய ஆள் இல்லை என்பது அந்த ஒரு வரியில் புரிந்துவிட்டது.

அன்று லென்ஸோடு பார்வை சோதித்தேன். வலது கண் 6/6, அதாவது இயல்பான பார்வை, கடைசி வரியில் ஒரு எழுத்தில் மட்டும் தடுமாற்றம். இடது கண் 6/6. ஸ்லிட் லேம்ப் என்னும் கண் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது லென்ஸ் கருவிழி மேல் நடுவாக உட்கார்ந்திருந்தது. கண் சிமிட்டினால் அளவாக அசைந்தது. லென்ஸ் சுழன்றிருக்கிறதா என்று காட்ட அதில் போட்டிருக்கும் குறி, வலது கண்ணில் மூக்குப் பக்கம் 5 டிகிரி திரும்பியிருந்தது, அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. கண்ணில் சிவப்பு இல்லை. வறட்சிதான் என்று முடிவு செய்து, லென்ஸோடு விடக்கூடிய டிராப்ஸ் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரலில் திரும்ப வந்தார். அதுவும் சனிக்கிழமை காலைதான். டிராப்ஸ் விட்டால் பத்து நிமிடம் சுகம், பிறகு பழையபடி என்றார். மறுபடியும் பார்த்தேன், மறுபடியும் எல்லாம் சரி. அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது. நாம்தான் இல்லாததைச் சொல்கிறோமோ என்று தன்னையே சந்தேகப்படுகிறவரின் முகம் அது. நான் அவரைச் சரியாகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு தடவையும் அவர் சொன்னது மூன்று மணிக் கண்ணைப் பற்றி. இரண்டு தடவையும் நான் பார்த்தது பத்து மணிக் கண்ணை. அதுவும் வேலைக்குப் போகாத நாளில், லென்ஸ் போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகாதபோது.

"அடுத்த தடவை லீவு போடாதீங்க. ஆம்பூர்ல வேலைய முடிச்சு, ரயிலை விட்டு இறங்கினதும் நேரா வாங்க. முகம்கூடக் கழுவாதீங்க, டிராப்ஸ் விடாதீங்க, லென்ஸக் கழட்டாதீங்க. எத்தனை மணியானாலும் இருக்கேன்."

ஆறரை மணி

மே முதல் வாரம், அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. வேலூர் வெயிலை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வெப்பமானி 40 டிகிரியைத் தாண்டும், சுற்றிலும் இருக்கும் மலைகளின் பாறை வாங்கிய சூடு இருட்டிய பிறகும் இறங்காது. ஆறரைக்கு அவர் உள்ளே வந்தபோது மின்விசிறிக்கு நேரே இருந்த நாற்காலியை விட்டு ஓரமாக இருந்ததில் போய் உட்கார்ந்தார். இதையும் குறித்துக்கொண்டேன். கண் உலர்ந்தவர்கள் காற்றுக்கு முகம் கொடுக்க மாட்டார்கள்.

வலது கண்ணில் பார்வை 6/12. காலையில் 6/6 படித்த அதே கண், அதே லென்ஸ். இமைத்தால் ஒரு நொடி 6/9 வரை போகும், உடனே கலங்கும். இடது கண் 6/9.

ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆறு மணி நிலையில் இருக்கவேண்டிய வலது லென்ஸின் குறி மூக்குப் பக்கமாக 15 டிகிரி திரும்பிக் கிடந்தது. இமைக்கச் சொன்னால் 10க்கு வந்து, மறுபடி 15க்கும் அதற்கு மேலும் போனது. லென்ஸின் மேற்பரப்பில் இமைத்த மூன்றாவது நொடியே ஈரம் தீவு தீவாக விலகி, இடையிடையே எண்ணெய் படிந்த மெல்லிய பூச்சு தெரிந்தது. காலையில் சுலபமாக அசைந்த லென்ஸ் இப்போது கண்ணை இறுக்கிப் பிடித்திருந்தது.

லென்ஸைக் கழற்றிய பிறகு ஃப்ளோரசின் சாயம் வைத்தேன். லென்ஸ் கண்ணில் இருக்கும்போது அந்தச் சாயத்தை வைத்தால் சாஃப்ட் லென்ஸ் அதை உறிஞ்சிக்கொள்ளும். நீல வெளிச்சத்தில் கருவிழியின் கீழ்ப்பகுதியில் பிறை வடிவில் பச்சைப் புள்ளிகள். முழுசாக மூடாத இமை போட்டுவிட்டுப் போகும் கையெழுத்து அது. மேலிமை முக்கால்வாசி இறங்கித் திரும்பிவிட்டால், கீழே உள்ள கால்வாசி நாளெல்லாம் துடைக்கப்படாமல் காய்கிறது. கண்ணீர்ப் படலம் உடையும் நேரம் 5 நொடி. 10 நொடிக்குக் கீழே போனாலே குறைவு என்று எடுத்துக்கொள்வோம். கீழிமையின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினால் அங்கே இருக்கும் மெய்போமியன் என்ற எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்து தெளிந்த எண்ணெய் வரவேண்டும். வந்தது உறைந்த நெய் மாதிரி கெட்டியாக இருந்தது. பல சுரப்பிகளின் வாயை அடைத்துக்கொண்டு கண் மை.

பேசிக்கொண்டே அவர் கையில் இருந்த போனில் ஒரு செய்தியைப் படிக்கச் சொல்லி, அவருக்குத் தெரியாமல் இமைப்பதை எண்ணினேன். பேசும்போது நிமிடத்துக்குப் பதினைந்து தடவைக்கு மேல் இமைத்தவர், படிக்கும்போது ஐந்து தடவைதான். அந்த ஐந்திலும் மூன்று பாதி இமைப்பு.

லென்ஸ் ஏன் சுழல்கிறது

சிலிண்டர் பவர் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாத நிலை. பந்தின் மேல் எந்தப் பக்கம் விரலை ஓட்டினாலும் ஒரே வளைவுதான். எலுமிச்சம்பழத்தைப் படுக்கவைத்து விரலை ஓட்டிப் பாருங்கள், நீளவாட்டில் ஒரு வளைவு, குறுக்குவாட்டில் ஒரு வளைவு. ஒளி ஒரே புள்ளியில் சேராமல் போவது இதனால்தான். 1801ல் தாமஸ் யங் தன் கண்ணிலேயே இந்தக் குறையை அளந்து எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து வானியல் அறிஞர் ஜார்ஜ் ஏரி தன் கண்ணுக்கான சிலிண்டர் கண்ணாடியைத் தானே கணக்குப் போட்டுச் செய்து வாங்கினார். இரண்டு பேரும் முதலில் செய்தது தங்கள் கண்ணுக்கு எது எப்போது எப்படித் தெரிகிறது என்று பொறுமையாகக் கவனித்ததுதான். இந்தப் பெண்ணும் அதையே செய்துகொண்டு வந்து என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சாதாரண லென்ஸ் கண்ணில் சுற்றினாலும் பாதகமில்லை. டோரிக் லென்ஸ் அப்படியல்ல, அதற்கு ஆக்சிஸ் என்ற ஒரு திசை உண்டு. அது ஆக்சிஸை விட்டு விலகினால் பார்வை கெடும். கணக்கு கறாரானது: 10 டிகிரி விலகினால் சிலிண்டர் பவரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான குறை திரும்பி வந்துவிடும். 30 டிகிரி விலகினால் முழு அளவும் வந்துவிடும், சிலிண்டரே போடாததற்குச் சமம். அதனால்தான் லென்ஸின் கீழ்ப்பகுதியைக் கனமாகவோ, மேலும் கீழும் மெல்லிசாக்கியோ, ஏதோ ஒரு வகையில் அது நிலையாக நிற்கும்படி செய்கிறார்கள். அதை நிறுத்தி வைப்பது நம் இமைதான். இமைக்கும்போது மேலிமை இறங்கி ஏறுகிறது, கீழிமை மூக்குப் பக்கமாகக் கிடைவாட்டில் இழுக்கிறது. ஈரமும் நல்ல இமைப்பும் இருந்தால் அந்த இழுப்புக்குப் பிறகு லென்ஸ் தன் இடத்துக்குத் திரும்பும். மேற்பரப்பு உலர்ந்து, அழுக்கு படிந்து, இமைப்பும் பாதியாகிவிட்டால், இழுத்த இடத்திலேயே தங்கிவிடும். இவருக்கு நடந்தது இதுதான்.

சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்குச் சுகமும் தெளிவும் தனித்தனி விஷயங்கள் அல்ல என்று நான் உறுதியாக நினைப்பதற்கும் இதுவே காரணம். உலர்ந்தால் சுழலும், சுழன்றால் மங்கும். மங்கினால் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்ப்போம், உற்றுப் பார்த்தால் இமைப்பு குறையும், இமைப்பு குறைந்தால் இன்னும் உலரும். "எரிச்சலா, மங்கலா, எது முதல்ல?" என்று கேட்டால் அவர்களால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. கான்டாக்ட் லென்ஸ் அசௌகரியம் குறித்து 2013ல் வெளியான சர்வதேச வல்லுநர் குழு அறிக்கையும், அசௌகரியத்தை வரையறுக்கும்போது பார்வைத் தடுமாற்றம் அதோடு சேர்ந்தும் வரலாம், சேராமலும் வரலாம் என்றே சொல்கிறது. டோரிக் போடுகிறவர்களிடம் அது பெரும்பாலும் சேர்ந்தே வருவதைத்தான் நான் பார்க்கிறேன்.

பவரிலேயே பிழை

சுழற்சி மட்டும் 6/12 வரை இறக்கியிருக்காது. லென்ஸ் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். வலது கண்ணுக்கு -5.00, சிலிண்டர் -2.25, ஆக்சிஸ் 170. அவருடைய கண்ணாடிப் பவர் -5.00, சிலிண்டர் -2.00, ஆக்சிஸ் 170. நடந்தது புரிந்தது. கண்ணாடிச் சீட்டை அப்படியே பார்த்து லென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். டோரிக் லென்ஸில் சிலிண்டர் பொதுவாக -0.75, -1.25, -1.75, -2.25 என்று அரை அரையாகத்தான் வரும். -2.00 இல்லை என்பதால் அடுத்த பெரிய அளவை எடுத்துவிட்டார்கள்.

கண்ணாடி கண்ணுக்குச் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது, லென்ஸ் கண் மேலேயே இருக்கிறது. பவர் 4 டயாப்டருக்கு (பவரை அளக்கும் அலகு) மேல் போனால் இந்த 12 மில்லிமீட்டர் கணக்கில் வந்தே தீரும். -5.00 என்பது கண் மேல் சுமார் -4.72 ஆகிறது. சிலிண்டரும் சேர்ந்த மற்றத் திசையின் -7.00 சுமார் -6.46 ஆகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.74. ஆக அவருக்கு வேண்டியது -4.75, சிலிண்டர் -1.75. கண்ணாடியில் 2.00 ஆக இருக்கும் சிலிண்டர் லென்ஸில் 1.75 ஆகக் குறைகிறது. குறையவேண்டிய இடத்தில் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

தேவைக்கு மேல் மைனஸ் இருந்தால் தூரத்து எழுத்து காலையில் பளிச்சென்றுதான் தெரியும். இளம் கண் உள்ளே தசையை இறுக்கி அதைச் சமாளித்துவிடும். ஒரு முழு நாள் கம்ப்யூட்டரைப் பார்த்த பிறகு அந்தத் தசை களைத்துப்போகும். மாலைத் தலைவலிக்கு அவர் வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். தேவைக்கு மேல் இருக்கும் சிலிண்டர், 15 டிகிரி விலகல், இரண்டும் சேர்ந்து அன்று மாலை அவர் வலது கண்ணில் ஒரு டயாப்டருக்கு மேல் சிலிண்டர் குறையை மிச்சம் வைத்திருந்தன. கணக்கில் வந்ததும், லென்ஸ் மேல் பவர் வைத்துச் சோதித்ததும் ஒத்துப்போனது. அந்தச் சோதனையை மார்ச்சிலேயே செய்திருந்தால் பவர் பிழையாவது அப்போதே பிடிபட்டிருக்கும். 6/6 படித்ததைப் பார்த்து நான் அதை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் அவர் பட்ட அவதியில் என் பங்கும் உண்டு.

இடது கண்ணில் பிழை சிறியது. -4.50, -1.25, ஆக்சிஸ் 20 என்று கண்ணாடியில் இருந்ததை அப்படியே கொடுத்திருந்தார்கள். வேண்டியது -4.25, -1.25, ஆக்சிஸ் 20.

இந்த வயதில் இவ்வளவு சிலிண்டர் என்றால் இன்னொன்றையும் விலக்கியாக வேண்டும். கருவிழி மெலிந்து கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸ். கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் அது அதிகம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பி கருவிழி வரைபடம் எடுத்தோம். இரண்டு கண்ணிலும் வளைவு சமச்சீராக, போ டை (bow tie) முடிச்சு வடிவத்தில் வந்தது. கவலையில்லை. இதற்கு ஒரு வாரம் தள்ளிப்போனது, ஆனாலும் இதைப் பார்க்காமல் அடுத்த லென்ஸைக் கையில் எடுத்திருக்க மாட்டேன்.

லென்ஸ் கேஸ்

அன்று மாலையே கைப்பையிலிருந்து லென்ஸ் கேஸை எடுத்துக் காட்டச் சொன்னேன். மூடியின் மரையில் வெள்ளையாகப் பொரிந்து போயிருந்தது. குழாய்த் தண்ணீரின் உப்பு. உள்ளே குழியின் அடியில் விரல் வைத்தால் வழுக்கியது.

"தினமும் நல்லா கழுவுறேன் மேடம்."

"எதுல கழுவுறீங்க?"

"மாடித் தொட்டித் தண்ணி, குழாய்லதான்."

சுத்தம் என்று நினைத்துச் செய்ததுதான். திட்டுவதற்கு இதில் எதுவும் இல்லை. ஆனால் இதைவிட அழுத்தமாக நான் யாரிடமும் எதையும் சொல்வதில்லை: லென்ஸிலோ கேஸிலோ குழாய்த் தண்ணீர் படக்கூடாது. கேன் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், எதுவானாலும் கூடாது. குழாயிலும் தொட்டியிலும் கிணற்றிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. குடித்தால் நமக்கு ஒன்றும் செய்யாது. லென்ஸின் அடியில் சிக்கி, கருவிழியில் சின்னக் கீறல் வழியாகப் புகுந்துவிட்டால், மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்தும் பார்வையை முழுசாக மீட்க முடியாமல் போகலாம். வேலூரில் தண்ணீர் கிடைப்பதே பெரிய காரியம், அதைத் தொட்டியில் பிடித்து நாள்கணக்கில் வைத்துப் புழங்குகிறோம். கேஸைச் சொல்யூஷனால் கழுவி, சுத்தமான டிஷ்யூ பேப்பரால் துடைத்து, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நேற்றைய சொல்யூஷனை வைத்துக்கொண்டு மேலே புதுசு ஊற்றுவதும் தவறு, முழுசாகக் கொட்டிவிட்டுத்தான் ஊற்றவேண்டும். அவர் அதையும் செய்துகொண்டிருந்தார், சிக்கனம் கருதி.

லென்ஸை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னேன். கருவிழிப் புள்ளிகள் ஆறட்டும், சுரப்பிகளைச் சரிசெய்வோம் என்று. இரவில் வெந்நீரில் துணி நனைத்து, பொறுக்கும் சூட்டில் மூடிய இமை மேல் பத்து நிமிடம். துணி ஆறியதும் மறுபடி நனைக்க வேண்டும், வெறும் வெதுவெதுப்பில் கெட்டி எண்ணெய் உருகாது. பிறகு மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவ வேண்டும். மையை விடச் சொல்லவில்லை. நம் வீடுகளில் மை இடாத பெண்ணின் முகத்தைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். முடி முளைக்கும் கோட்டுக்கு வெளியே இடுங்கள், உள்விளிம்பில் இழுக்காதீர்கள், லென்ஸ் போட்ட பிறகு இடுங்கள் என்றேன். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு லென்ஸைத் தொடக்கூடாது என்பதும் அதோடு சேர்ந்தது. லென்ஸ் மேல் இருந்த பூச்சில் தேங்காய் எண்ணெயின் பங்கும் இருந்திருக்கும் என்பது என் அனுமானம்.

இரண்டு லென்ஸ், ஒரு ரயில்

பழைய லென்ஸ் மாதம் ஒருமுறை மாற்றும் ரகம். எண்ணெய்ப் படிவு இவ்வளவு இருப்பவருக்குத் தினமும் ஒரு புது ஜோடி போட்டு இரவில் எறிந்துவிடும் ரகம்தான் பொருத்தம் என்று முடிவு செய்தேன். சுத்தம் செய்யும் வேலையும் இல்லை, கேஸும் தேவையில்லை. செலவு கூடும், அதை ஒளிக்காமல் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, வேலை நாளில் மட்டும் லென்ஸ், ஞாயிறன்றும் லீவு நாளிலும் கண்ணாடி என்று அவரே ஒரு கணக்குக்கு வந்தார். பிராணவாயு அதிகம் கடத்தும் சிலிகான் ஹைட்ரோஜெல் வகையைத் தேர்ந்தெடுத்தோம்.

முதலில் போட்டுப் பார்த்தது கீழ்ப்பகுதி கனமான அமைப்பு. வலது கண்ணில் 5 டிகிரியில் நின்றது. இடது கண்ணில் 20 டிகிரி வரை ஆடியது, கீழிமையில் ஏதோ தட்டுகிறது என்றார். ஒரே பக்கமாக அசையாமல் திரும்பி நின்றிருந்தால் ஆக்சிஸை மாற்றி ஈடுகட்டலாம். எதிரே இருந்து பார்க்கும் நமக்கு இடப்பக்கம் திரும்பினால் கூட்டு, வலப்பக்கம் திரும்பினால் கழி. ஆடும் லென்ஸுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் உதவாது. ஆடுவதை எண்ணால் சரிசெய்ய முயன்று பெட்டி பெட்டியாக வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அமைப்பையே மாற்றவேண்டும்.

இரண்டாவது, மேலும் கீழும் மெல்லிசாக்கி, இமைகளின் பிடியிலேயே நிற்கும் அமைப்பு. இவருக்கு இமை இறுக்கம் அதிகம், அதனால் நன்றாகவே பிடித்தது. போட்டு இருபது நிமிடம் காத்திருந்து பார்த்தேன், வலது 5, இடது 0. லென்ஸை விரலால் 45 டிகிரி வேண்டுமென்றே திருப்பிவிட்டு, எத்தனை இமைப்பில் திரும்பி வருகிறது என்று எண்ணினேன். இரண்டு கண்ணிலும் சில இமைப்புகளிலேயே வந்துவிட்டது. காலையில் எந்த லென்ஸும் நல்ல பிள்ளையாகத்தான் நிற்கும், தள்ளிவிட்டுப் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

பவரும் அமைப்பும் சரியான பிறகு ஒரு வாரம் கழித்து மாலை ஆறரைக்கு வந்தார். பார்வை இரண்டு கண்ணிலும் 6/6. ஆனால் எரிச்சல் பாதிதான் குறைந்திருந்தது. பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் காலையில் 9, மூன்று மணிக்கு 7, மாலையில் 5 என்றார். முதல் தடவை கேட்டபோது மாலைக்கு 2 கொடுத்திருந்தார்.

மூன்று மணிக்கு 7ஆக இருந்தது ஆறரைக்குள் 5 ஆனால், நடுவில் ஏதோ நடக்கிறது. நாளை நிமிடம் நிமிடமாகச் சொல்லச் சொன்னேன். ஐந்தரைக்கு ஆம்பூர் ஸ்டேஷன். ஜன்னலோர சீட் கிடைத்தால் ஜன்னலோரம். குடியாத்தம் வருவதற்குள் தூக்கம் பிடித்துவிடும், காட்பாடி வந்ததும் பக்கத்துச் சீட்டு அக்கா எழுப்பிவிடுவார்.

மூடிய இமைக்குள் லென்ஸுக்குக் காற்று குறைகிறது, கண்ணீர் சுரப்பதும் குறைகிறது. விழித்ததும் லென்ஸ் கருவிழியில் ஒட்டினாற்போல் இருக்கும். அதற்கு முன்னால் ஜன்னல் வழியாக அடித்த அனல் காற்று வேறு. நான் அதுவரை "தூங்கும்போது லென்ஸ் போடுவீங்களா?" என்றுதான் கேட்டிருந்தேன், "இல்ல மேடம்" என்றிருந்தார். இரண்டு பேரும் ராத்திரித் தூக்கத்தைத்தான் மனதில் வைத்திருந்தோம். "ரயில்ல கண் அசருவீங்களா?" என்று கேட்டிருக்க வேண்டும்.

ஏற்பாடு எளிது. வேலை முடிந்ததும் கம்பெனியிலேயே கை கழுவித் துடைத்து, லென்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு ரயில் ஏறுவது. காலையிலும் அப்படியே செய்து, ஆம்பூர் போய் லென்ஸ் போடலாமே என்று கேட்டேன். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலைக் காற்று குளிர்ச்சிதான், தூங்குவதும் இல்லை என்றார். சரி என்றேன். காலை ஆறரையிலிருந்து மாலை ஐந்து வரை பத்தரை மணி நேரம். நாள் முழுக்கச் சுகமாக இருக்கவேண்டும் என்று வருகிறவர்களிடம், உங்கள் நாளில் லென்ஸ் தேவைப்படும் மணிகள் எவை என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். இவருக்குக் கோடு பொய் சொல்லக்கூடாத நேரம் கம்பெனியில் இருக்கும் நேரம்தான்.

வேலை இடத்தில் மூன்று மாற்றங்கள். ஏசி காற்று நேராக முகத்தில் விழும் சீட்டிலிருந்து பக்கத்து மேசைக்கு மாறினார், மேலாளர் மறுக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். கண் சற்றுக் கீழ்நோக்கிப் பார்த்தால் இமை இறங்கி, காற்றுப் படும் பரப்பு குறையும். மூன்றாவது அவரே கண்டுபிடித்தது. மணிக்கொரு தடவை முழுசாக இமையுங்கள் என்று நான் சொன்னது நினைவில் நிற்கவில்லையாம். ஒவ்வொரு தடவை ஃபைலை சேவ் செய்யும்போதும் இரண்டு முறை இமையை முழுசாக மூடி, மெல்ல அழுத்தித் திறப்பது என்று பழக்கிக்கொண்டார். பேட்டர்ன் வேலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் செய்வார்கள். என் அறிவுரையைவிட இது நல்ல அறிவுரை. இப்போது மற்றவர்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

டிராப்ஸையும் மாற்றினோம். கடையில் சொல்லி வாங்கிய ஒன்றை அவர் இடையில் விட்டுக்கொண்டிருந்தார், அதில் பென்சால்கோனியம் குளோரைடு இருந்தது. அந்தப் பதப்படுத்தியை சாஃப்ட் லென்ஸ் உள்வாங்கிக்கொண்டு, நேரம் கழித்து மெல்ல மெல்லக் கண்ணில் விடும். பதப்படுத்தி இல்லாத டிராப்ஸை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சொட்டு.

ஜூன் கடைசியில், மறுபடி மாலையில் பார்த்தேன். இந்தத் தடவை லென்ஸைக் கழற்றாமல் வரச் சொல்லியிருந்தேன், ரயிலில் தூங்கவும் கூடாது என்று நிபந்தனை. வலது 6/6, சுழற்சி 5 டிகிரி, இமைத்தால் நிலையாக நிற்கிறது. இடது 6/6, சுழற்சி இல்லை. கருவிழியின் கீழ்ப்பிறை மறைந்து, ஓரத்தில் நாலைந்து புள்ளி மிச்சம். கண்ணீர்ப் படலம் 8 நொடி. இது 10ஐத் தொடவில்லை, தொடும் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை. சுரப்பிகளுக்கு இன்னும் மாதங்கள் ஆகும், ஒத்தடத்தை விட்டால் பழைய நிலைக்கே திரும்பும். மதிப்பெண் காலையில் 9, மூன்று மணிக்கு 8, மாலையில் 7. தலைவலி நின்றிருந்தது.

ஆகஸ்டில் வந்தபோது அவர் கேட்டது வேறு. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து தயாராக வேண்டும், முகூர்த்தம் ஆறுக்கு, இரவு ரிசப்ஷன் முடிய பத்தாகும். "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் முழுசா போட்டுக்கலாமா அக்கா?" மேடம் எப்போது அக்காவானது என்று நான் கவனிக்கவில்லை.

இரண்டு ஜோடி எடுத்துவைக்கச் சொன்னேன். முதல் ஜோடி காலை நாலரைக்கு, மை இடுவதற்கு முன்னால். ஹோமப் புகைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொள்ள வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து. பதினொன்றரைக்கு, சாப்பாடு முடிந்ததும் கழற்றி எறிந்துவிட்டு, மதியம் கண்ணாடியில் இருந்து, கண்ணை மூடி ஒரு மணி நேரமாவது படுக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு இரண்டாவது ஜோடி. மண்டபத்துத் தொட்டித் தண்ணீரில் கை கழுவினால் துண்டால் நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகே லென்ஸைத் தொட வேண்டும். கண் சிவந்தாலோ வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ யோசிக்காமல் கழற்றிவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும்.

போன் வரவில்லை. அடுத்த வாரம் வந்தார், சனிக்கிழமை இல்லை, வேலை முடிந்து மாலையில். மதியம் படுக்க மட்டும் முடியவில்லையாம், பந்தியில் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். கண்ணாடியில் மட்டும் இருந்திருக்கிறார். இரவு பத்துக்கு மதிப்பெண் எவ்வளவு என்றேன். 6 என்றார். ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தேன், கருவிழி சுத்தமாக இருந்தது.